ஏழாம் எண் வாளி

"ஐயா, உங்க வாளியில ரெண்டு எலுமிச்சம்பழ மூடியும் ஒரு பிடி தேயிலைத்தூளும்தான் இருக்கு. வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையா?"

கட்டடத்தின் உரத்தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் உரக்கார அம்மா இதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளருக்குக் காது மடல் சுட்டது.

"எரியாம என்ன? எங்க வீட்டுல எதையும் வீணாக்குற பழக்கம் இல்ல," என்றார், நிமிர்ந்த முதுகை இன்னும் நிமிர்த்தி.

"தோலைக்கூடவா?" என்றார் உரக்கார அம்மா.

"எனக்கெல்லாம் காலையில நாலு காய் நறுக்கினாத்தான் கை ஓடும்," என்றார் டாக்டரம்மா.

கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். சமையலறைக் கழிவை உரமாக்குவது என்று சங்கம் முடிவெடுத்த நாளிலிருந்து, காலையில் வீட்டுக்கொரு வாளி வாயிற்கதவருகே வரிசையாக நிற்கும். பிளாஸ்டிக் கலக்கிறதா என்று பார்ப்பதற்காக, உள்ளே இருப்பது வெளியே தெரியும் வாளிகளாக வாங்கியிருந்தார்கள். அதனால் யார் வீட்டில் என்ன நறுக்கினார்கள் என்பது வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வாளிகளில் முட்டைக்கோஸ் இலையும் கேரட் தலையும் கழுத்துவரை நிற்க, ஏழாம் எண் வாளி மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

காரணம் எளியது. பதிவாளர் ஓய்வுபெற்ற மறுநாள் அவருடைய மனைவியும் ஓய்வுபெற்றுவிட்டார். "நீங்க முப்பத்தஞ்சு வருஷம், நான் முப்பத்தேழு வருஷம். எனக்குத்தான் முதல்ல பிரிவு உபசாரம் நடத்தியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். அன்றிலிருந்து கடைச் சாப்பாடு கேரியரிலும், கேரியர் பழைய கோப்புப் பையிலும், பை பின்படி வழியாகவும் வந்துகொண்டிருந்தது. மூன்று தலைமுறையாக வந்தவரையெல்லாம் சாப்பிட வைத்து அனுப்பிய குடும்பம் அது. அதன் அடுப்பு அணைந்துவிட்டது என்று நாலு பேர் பேசினால், பதிவாளர் எந்த முகத்தோடு படியிறங்குவார்?

மறுநாள் பழைய செய்தித்தாளைக் கிழித்து வாளியை நிரப்பினார்.

"காஞ்சதும் வேணும்தான் ஐயா, ஆனா பச்சை இல்லாம மக்காதே," என்று உரக்கார அம்மா குச்சியால் கிளறினார். "நேத்து பேப்பரையா சாப்பிட்டீங்க?"

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "சார், வீட்டுல அவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"லேசா வயிறு..." என்று இழுத்துவிட்டார் பதிவாளர்.

மாலைக்குள் நாலு வீட்டார் நலம் விசாரிக்க வந்தார்கள். ஈரத்தலையும் நீச்சல் கண்ணாடியுமாக மனைவிதான் கதவைத் திறந்தார்.

"யாருக்கு வயிறு சரியில்ல?"

"எனக்குத்தான்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. வந்தவர்கள் கிளம்பும் வரை, போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டியதாயிற்று.

இனிப் பொய் உதவாது, தோல்தான் உதவும் என்று முடிவு செய்தார். மூன்று கிலோ உருளைக்கிழங்கு வாங்கி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, கத்தியை எடுத்தார். முதல் கிழங்கு பாதியாக மெலிந்தது. நாலாவதில் கை படிந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிப் பழகிய கை அல்லவா, பத்தாவது கிழங்கின் தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோலுக்கு அந்தப் பக்கம் இருந்த கடிகாரத்தில் மணி தெரிந்தது. அவருக்கே வியப்பாக இருந்தது. இன்னொன்றைச் சீவினார்.

வாளி நிரம்பியது. குளிர்பதனப் பெட்டியும் நிரம்பியது.

"என்னங்க, உள்ள இருபத்தஞ்சு கிழங்கு துணியில்லாம உக்காந்திருக்கே. யார் சமைக்கப் போறா?"

"நீ ஒருநாள் மட்டும்..."

"நான் ஓய்வு."

வேறு வழியின்றிக் கிழங்கைக் காலி கேரியரில் அடைத்துச் சாப்பாட்டுக்காரருக்கே திருப்பி அனுப்பினார். சாப்பாட்டுக்காரர் மகிழ்ந்துபோனார். அடுத்த நான்கு நாளும் கேரியரின் நான்கு அடுக்கிலும் உருளைக்கிழங்கே வந்தது.

ஐந்தாம் நாள் மனைவி கேரியரைத் திறந்தார், மூடினார், கணவரைப் பார்த்தார். "இன்னும் ஒரு கிழங்கு இந்த வாசப்படி ஏறினா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. உரக்கார அம்மா அந்தத் தோல் நாடாவைத் தூக்கி எல்லோருக்கும் காட்டியிருந்தார். "இவ்வளவு மெல்லிசாச் சீவினா சட்டுனு மக்கிடும். பாத்துக் கத்துக்குங்க."

சங்கச் செயலாளர் படியேறி வந்துவிட்டார்.

"சார், எங்க வீட்டுலயும் மூணு வேளையும் சமையல்தான். ஆனா இந்த நறுவிசு வரல. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு எல்லா வீட்டுக்காரங்களும் உங்க சமையலறைக்கு வர்றோம். அம்மா சமைக்கட்டும், நாங்க ஓரமா நின்னு பாக்கறோம். அதுவரைக்கும் வாளி விதவிதமா நிரம்பட்டும்."

"தாராளமா வாங்க," என்றது பதிவாளரின் வாய். வருகிறேன் என்றவரை வேண்டாம் என்று சொல்லி அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாளைய வாளிக்கு வழி வேண்டும். கிழங்கு வாங்கக் கூடாது, வேறு காயைச் சீவினாலும் அது கேரியரில் திரும்பி வரும். மூன்று தெரு தள்ளி ஒரு காய்கறிக் கடை உண்டு. விற்காத இலையும் தண்டும் அங்கே கூடையில் கிடக்குமே என்று தோன்றியது. வீட்டிலிருந்த பைகளிலேயே பெரிய பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் கண்ணில் படாமல் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தார்.

நாலு பேர் எழுந்து நின்ற பதவியில் இருந்தவர், கழித்த இலைக்குக் கையேந்துவதா? கேட்பதென்றால் காரணமாவது கௌரவமாக இருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இந்தக் கழிச்சுப் போட்ட இலையெல்லாம் எனக்குக் கிடைக்குமா? வீட்டுல ஒரு ஆடு வளர்க்கறேன்."

"எந்த வீடு ஐயா?"

"பூங்காவுக்கு எதிர்ல, அந்த மஞ்சள் கட்டடம். மூணாவது மாடி."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். காலி.

"நாளைக்கு விடியக்காலமே வந்து வரிசையில நில்லுங்க ஐயா. உங்க கட்டடத்துல செயலாளர் சார் ஆடு, டாக்டரம்மா ஆடுன்னு ஏற்கெனவே பதினோரு ஆடு என் கடை இலையைத்தான் தின்னுது, ஆனா அங்கேருந்து ஒருத்தர்கூட மனுஷங்க சாப்பிடக் காய் வாங்க வந்து நான் பாத்ததில்ல."