கதைக் கேள்வி

சொந்த உழைப்பில் முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்குத் தெரியாத வேலையே உலகத்தில் இல்லை என்று நினைப்பான். எனக்கு அது முற்றிய நிலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், கோரிப்பாளையத்தில் இரும்புக் கடை வைத்து மாடி வீடு கட்டியிருக்கிறேன். (மாடிக்கு மேல் மாடி. சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

மகள் வயிற்றுப் பேத்தி ஆயிஷா கடகடவென்று வாசிக்கிறாள், வாசித்தது மட்டும் புரிவதில்லை. வீட்டில் கதையைப் பற்றிப் பேசுங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். நான் முந்திக்கொண்டேன்.

"அத்தா, ஒங்களுக்கே எழுத்துக் கூட்டத்தானே வரும்?" என்றாள் மகள்.

"வாசிக்கிறது அவ, கேக்குறது நானு. இரும்பத் தட்டிப் பாத்தே தரம் சொல்றவன்டி!"

பக்ரீத் நெருங்கிய வாரம். குர்பானிக்கு வாங்கிய கிடா மொட்டைமாடியில் நின்றது. அதற்குத் தழை போட்டுக்கொண்டே வாசிப்பாள் ஆயிஷா. அன்று, கூண்டில் அடைபட்ட கிளியின் கதை.

"கிளி ஏம்மா அழுகுது?"

"தெரியல நன்னா." (நன்னா என்றால் தாத்தா.)

"அம்புட்டுத்தானா? அது எடத்துல நீ இருந்தா எப்படி இருக்கும்? யோசி."

யோசித்தாள். கண் கலங்கியது. "அது வெளிய போகணுங்குது. யாரும் விட மாட்டேங்குறாங்க."

"நீ அங்க இருந்தா என்ன செய்வே?"

"தொறந்து விட்ருவேன்."

"மாஷா அல்லாஹ்! அதான் எம் பேத்தி!" தெருவுக்கே கேட்கும்படி கைதட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் மாடியில் கயிறு மட்டும் கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. சிக்னலில் கூட்டம் கூடியதைப் பார்த்து ஓடினேன். கிடாவை பஸ் அடித்துப் போட்டிருந்தது. குர்பானிக்கும் ஆகாது, சட்டிக்கும் ஆகாது.

"என்னண்ணே, கெடாயக் காலையில வாக்கிங் கூட்டிப் போனீகளா?" என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது. பதிலுக்கு வாயைத் திறந்தவன், திரும்பிப் பார்த்தேன். என் பின்னாலேயே ஓடி வந்து நின்றிருந்தாள் ஆயிஷா.

"நீங்கதான நன்னா கைதட்டுனீங்க?"

கிடா அவள் கண்ணில் படாதபடி மறித்து நின்றேன். "அது... கதைக் கேள்விம்மா," என்றேன்.

பெருநாளன்று அவள் புதுச் சட்டை போடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்வரை புத்தகத்தையும் தொடவில்லை. டீச்சருக்குப் பரம சந்தோஷம்: "இப்பல்லாம் ஆழமா யோசிக்கிறா!"

இப்போதும் கதை வாசிக்கிறாள். நான் எதைக் கேட்டாலும், வரியில் விரலை வைத்துக்கொண்டு, "நன்னா, இது கதைக் கேள்வியா, நெசக் கேள்வியா?" என்கிறாள். வீடே அதைப் பிடித்துக்கொண்டது. 'டீ இருக்கா?' என்று நான் கேட்டால் போதும், அடுப்படியிலிருந்து என் பெண்டாட்டி, "கதைக் கேள்வியா, நெசக் கேள்வியா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆயிஷா மட்டும் சிரிக்காமல், என் பதிலுக்குக் காத்திருப்பாள்.