பேய்ப் பாட்டில் புகுந்த மன்றாட்டுமாலை

கே.கே. நகர், திருச்சி
செவ்வாய் மாலை

பாசமிகு ஃபாதர் அண்ணனுக்கு,

மரியே வாழ்க. இங்கு நானும் அவரும் அனிஷாவும் நலம். மலைக் குளிரில் உங்கள் மூட்டுவலி தணிந்திருக்க ஜெபிக்கிறேன். எங்கள் அன்பியத் தலைவி டோரதி அக்கா நேற்று உங்களுக்குப் போன் செய்தாராம். உங்கள் பங்குக் கோயில் பக்கம் சிக்னல் பாதிதான் கிடைக்கும். நீங்கள் கேட்ட பாதி, 'அனிஷாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது' என்பதாக இருந்திருக்கும். அதனால்தான் வெள்ளிக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து வராதீர்கள் அண்ணா. உங்கள் மருமகளுக்கு ஒன்றுமில்லை. நடந்ததை எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று படியுங்கள்.

அனிஷா ராப் பாடுகிறாள். அதுவும் பேய் ராப். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் கடைசி பஸ்ஸில், காவிரிப் பாலத்தில் ஒரு பிணம் ஏறுகிறது. 'மண்ணு தின்ன வாயைத் திறந்து கேக்குறேன் ஒரு டிக்கெட்டு, சில்லறை இல்லேன்னு சொன்னா புடிப்பேன் உன் கழுத்து' என்று போகிறது பாட்டு. ஏன்டி இப்படி என்று கேட்டேன். "பயத்த உள்ளயே வச்சிருந்தா தூக்கம் வராதும்மா, வெளிய விட்டுட்டா அது பாட்டு" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் தியானக் கூட்டத்தில் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும்போது நானும் நீங்களும் முதல் வரிசையில் இடம் பிடித்து உட்காரவில்லையா? பயந்துகொண்டே, முடிந்துவிடக் கூடாதே என்றுதானே உட்கார்ந்திருந்தோம்? அவளை எப்படித் திட்டுவது!

தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு மாறி நடத்தும் அன்பிய ஜெபக்கூட்டம் ஞாயிறு மாலை எங்கள் வீட்டு முறை. அதை அனிஷாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவளும் சிநேகிதி அஃப்ஷீனும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டிங் செய்கிறார்கள்; தாளம் ஹெட்போனில் ஓடுவதால் வெளியே இவள் குரல் மட்டும்தான் கேட்கிறது. ஹாலில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணை மூடியதும் உள்ளேயிருந்து கரகரவென்று 'புடிப்பேன் உன் கழுத்து' என்று வருகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் டோரதி அக்கா எழுந்து, "லிசி, நீ பேசாத, பெத்தவ வாயத் தொறந்தா அது ஒன்மேல ஏறிடும்" என்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, அறைக் கதவின்முன் முழந்தாளிட்டுப் புனிதர்கள் மன்றாட்டுமாலையைத் தொடங்கிவிட்டார். அவர் ஒரு பெயர் சொல்ல, மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்ல, வீடே அதிர்ந்தது. என்ன கூச்சல் என்று பார்க்க அனிஷா கதவைத் திறந்தாள். வீடியோவுக்காக முகமெல்லாம் பவுடர், கண்ணிலிருந்து கன்னம்வரை மை. டோரதி அக்கா போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "ஆன்ட்டி, டேக் கெட்டுப்போச்சு ஆன்ட்டி!" என்று இவள் அழாத குறையாகச் சொல்கிறாள், அவர் அந்த முகத்தில் புனித நீரைத் தெளிக்கிறார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அஃப்ஷீன், "அனி, கெடல, இங்க வந்து கேளு" என்று கத்தினாள். தாளத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினாள். அண்ணா, எனக்குப் புல்லரித்துவிட்டது! கதவுக்குப் பின்னாலிருந்து வந்த 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' ஒவ்வொன்றும் தாளத்தில் வந்து சரியாக விழுகிறது. பெண்களின் குரல் ஏற ஏறப் பேயின் குரல் தடுமாறுகிறது. இத்தனை நாள் அந்தப் பாட்டுக்கு முடிவே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவள், இதையே முடிவாக வைத்துக்கொள்ளட்டுமா என்று டோரதி அக்காவிடம் கேட்டாள்.

டோரதி அக்காவோ, "எங்கொரல பேயோட பஸ்ல ஏத்துவியா? ஒம்மாமா ஃபாதருக்கே போன் போடுறேன்" என்று செருப்பை மாட்டினார். இவள் பின்னாலேயே ஓடினாள். "ஆன்ட்டி, என் பாட்டுல பேய வெரட்ட ஒரு ஆளு இல்ல. நீங்கதான் வெரட்டுனீங்க. நீங்க வேண்டாம்னா போடமாட்டேன்" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஒரு ராப் போட்டிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் பாட்டை அனுப்ப வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் அனுப்பப்போவதில்லை என்று அனிஷா சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். இப்போது நீங்கள் அங்கியோடு வந்து இறங்கினால் பேய் இருப்பது உறுதி என்றாகிவிடும். அதனால் நீங்கள் அங்கேயே இருங்கள். இதில் பாவம் ஒன்றுமில்லை என்று டோரதி அக்காவுக்கு ஒரு வார்த்தை மட்டும் போனில் சொல்லுங்கள்.

உங்கள் ஆசீர் எங்கள் மூவர்மேலும், குறிப்பாக உள் அறையில் படுத்திருப்பவள்மேலும் இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
லிசி

பி.கு: இந்தக் கடிதத்தைப் படம் எடுக்கப் போன நேரத்தில் டோரதி அக்கா வந்துவிட்டார், அன்பியத்துப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. பாட்டைப் போடச் சொல்லி முழுதாகக் கேட்டார். கோபம்தான், ஆனால் வேறு கோபம். "அந்தோனியார் பேரு வர்றதுக்குள்ள இவ கதவத் தொறந்துட்டா. பேய வெரட்ட அவர விட்டா யாரு? முதல்லேர்ந்து எடுங்கடி" என்கிறார். புனிதர்களின் பெயர் சொல்வதற்குக் கட்டைக் குரலில் ஓர் ஆண் வேண்டுமாம், அதுவும் குருவானவராக இருந்தால் நல்லதாம். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். அனிஷா எழுந்து தோசை தின்றுகொண்டிருக்கிறாள். டோரதி அக்கா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஃபாதரப் பாத்ததும் ஒம்பேய் பயந்து ஓடிடக் கூடாது, சொல்லி வை. நாங்க முடிக்கிற வரைக்கும் அது நிக்கணும்."