அத்தார் கருவாட்டுக் கடை

முகம் தட்டையாகத் தெரியக் கூடாது என்பதற்காக மட்டும்தான் ஆண்டவன் எனக்கு மூக்கு வைத்திருக்கிறான். கோவளத்தில் எங்கள் வீட்டு வாசலில், தங்கச்சி ஷமீமாவின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால்தான் இது எனக்குத் தெரிந்தது.

எங்கள் கடைப் பலகையில் ‘அத்தார் கருவாட்டுக் கடை’ என்று இருக்கும். அத்தார் எங்கள் குடும்பப் பெயர். அதற்கு அர்த்தம் எங்கள் அத்தாவுக்கும் தெரியாது, எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கும் தெரியாது. அத்தா போய்ச் சேர்ந்து (இதை எழுத இன்னும் கை வரவில்லை) சில மாதம் கழித்து, சவூதியில் வண்டி ஓட்டும் மாமா மகன் ஜாபர் லீவில் வந்தான். பலகையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இன்னாடா சிரிக்கிற?”

“மச்சான், அத்தார்னா அரபுல வாசனைத் தைலம் விக்கிறவரு. மருந்துச் சரக்கு, மசாலா விக்கிறவங்களையும் அப்டிதான் சொல்றாங்க. அங்க செய்ற தொழிலே குடும்பப் பேரா நின்னுடும். தச்சு வேல செஞ்சா நஜ்ஜார், ரொட்டி சுட்டா கப்பாஸ். நீ இன்னா விக்கிற? நெத்திலி.”

அவன் கிண்டலுக்குச் சொன்னான். நான் பறக்க ஆரம்பித்துவிட்டேன். அத்தர் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கிய தாத்தாக்கள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தார்கள். (அதில் எந்தத் தாத்தா பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கருவாட்டுக் கூடையைத் தூக்கினார் என்றுதான் தெரியவில்லை.)

காரணம் இருந்தது. ஷமீமாவுக்கு முன்னால் வந்த ஒரு சம்பந்தம், வீடெல்லாம் நாத்தம் என்று சொல்லிக் கழன்றுகொண்டது. அன்று அத்தா தன் சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மதுராந்தகத்து நெல் வியாபாரி வீட்டுச் சம்பந்தம் அவர் கடைசியாகப் பேசி வைத்தது. அதுவும் போய்விடக் கூடாது.

வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது வழக்கம். அத்தார் வம்சம் கொஞ்சமாகத் தெளிக்கலாமா? செங்கல்பட்டில் பாட்டில் பாட்டிலாகப் பன்னீரும் அத்தரும் வாங்கி, முந்தின நாளே ஒரு டிரம்மில் கலந்து ஊறவிட்டேன். கடை டிரம்தான். சோப்புப் போட்டுக் கழுவினேன், முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. கலந்த பிறகு அம்மாவும் முகர்ந்தார். “ஜம்முனு கீதுடா.” ஷமீமாவும் தலையாட்டினாள். விடிந்தது முதல் படுக்கிறவரை கருவாட்டுக்கு நடுவிலேயே இருக்கும் மூன்று மூக்குகளின் தீர்ப்பு அது.

மறுநாள் வாசலில் நின்று செம்பு செம்பாகத் தெளித்தேன், பேச்சோடு.

“மாமா, நாங்க அரபு நாட்டு அத்தார் வம்சம். வாசனதான் எங்க பரம்பர.”

மாப்பிள்ளையின் அத்தா கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் தண்ணீர். என் பேச்சில் உருகிவிட்டார் என்று நினைத்து அவர் தோளில் இன்னும் கொஞ்சம் தெளித்தேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினார். தெருப் பூனை ஒன்று வந்து மாப்பிள்ளையின் காலை நக்கியது.

ஜாபர் என் கையைப் பிடித்தான். “நிறுத்துடா. நெத்திலி நாத்தம்.”

செம்பு கீழே விழுந்தது. அத்தா பேசி வைத்ததை நானே ஊற்றிக் கழுவிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் தேம்பி அழுதேன். “அத்தா பேரு நல்லா இருக்கணும்னுதான் மாமா...”

மாப்பிள்ளையின் அத்தா சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “தம்பி, உங்க அத்தா பேச வந்தப்ப உள்ளயே வரல. ‘பாய், நான் கருவாட்டு யாவாரி, நாத்தம் அடிக்கும், பரவால்லியா’ன்னு வாசல்லயே கேட்டுட்டுதான் குந்துனாரு. ஒரு பை நெத்திலியும் குடுத்தாரு. அந்த ருசிக்குதான் வூடே கெளம்பி வந்துகீது. நீ அத எங்க தலைல ஊத்திகினு நிக்கிற. சோத்துல போடுப்பா.”

முதலில் சிரித்தவள் ஷமீமா. அப்புறம் பூனையைத் தவிர எல்லாரும்.

இன்றும் மதுராந்தகத்தில் எங்கள் கருவாட்டுப் பை போய் இறங்கினால், “பன்னீர் வந்துடுச்சு” என்பார்கள்.

கல்யாணமாகி முதல் தடவை வந்த ஷமீமா கடை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ண்ணா, அத்தா வாசன வருது.”

“எங்க?”

“கட முழுக்க.”

நான் இழுத்து இழுத்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நாள் ஊரை விட்டுப் போனால் எனக்கும் வருமோ என்று, மதுராந்தகம் வந்து தங்கட்டுமா என மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“தாராளமா வா மச்சான்,” என்றார். “செம்ப மட்டும் எடுத்தாராத.”