ஒரு கிளட்ச் கேபிளின் மேல்முறையீடு

சக்கரத்தைக் கண்டுபிடித்ததால்தான் மனிதன் முன்னேறினான் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றன. முழுத் தவறு. சக்கரம் பாட்டுக்குக் கண்ட இடத்துக்கெல்லாம் உருண்டு போயிருக்கும். அதை நிறுத்தி, “எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், மூன்று பிரதிகளில் எழுதிக் கொடு” என்று கேட்டானே ஒருவன், அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. அந்த மகானின் நேர்வாரிசு ஒருவர் நம் காலத்திலும், கடல் தாண்டிய ஒரு நகரத்தில், நாலாவது மாடிக் குடியிருப்பில் அடக்கமாக வாழ்ந்து வருகிறார்.

அவருடைய இயற்பெயரை அந்த ஊர்த் தமிழர்கள் மறந்து வெகுநாளாகிறது. “படிவம் அண்ணன்” என்றால்தான் தெரியும். விசா நீட்டிப்போ, பள்ளிக்கூடச் சேர்க்கையோ, குப்பைத் தொட்டி மாற்றுவதோ, எதுவானாலும் படிவத்தை அவரிடம் கொடுத்தால் நிரப்பித் தந்துவிடுவார். காலிக் கட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் பணியாற்றுவது ‘மரபு உதிரிபாகப் பாதுகாப்பு மைய’த்தில். உற்பத்தி நின்றுபோன மோட்டார் சைக்கிள்களின் உதிரிபாகங்களை உலகெங்கிலுமிருந்து திரட்டி, உறையிட்டு, எண் போட்டு, அடுக்கிக் காப்பாற்றும் உன்னத நிறுவனம் அது. யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்தால் குறையும்; குறைந்தால் அது என்ன பாதுகாப்பு? அங்கே விண்ணப்பப் பரிசீலனைப் பிரிவின் தலைவர், துணைத்தலைவர், ஊழியர் எல்லாம் அண்ணன் ஒருவர்தான். இந்த ஒன்பது ஆண்டுகளில் எந்த விண்ணப்பத்தையும் அவர் பரிசீலிக்காமல் நிராகரித்ததில்லை.

வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. வயது இருபத்து நாலு. அண்ணனுடையது அல்ல, அவர் மனைவியாருடையது. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. பெண் பார்க்க வந்த அண்ணனைத் திரும்ப பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டதே அந்த வண்டியில்தான். பின்னால் உட்கார்ந்தபடி, “ஆர்.சி. புக் இருக்கா?” என்று கேட்டார் அண்ணன். இருந்தது. இறங்கும்போது சம்மதம் சொல்லிவிட்டார்.

கப்பலில் வீட்டுச் சாமான்களோடு சாமானாக வந்த அந்த வண்டியில்தான் மனைவியார் வேலைக்குப் போய்வந்தார். அவர் பிசியோதெரபிஸ்ட். நடமாட முடியாத முதியவர்களின் வீட்டுக்கே போய், தோளைச் சுழற்றி, முட்டியை மடக்கி, நாலு எட்டு நடக்க வைத்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு ஏழு வீடு. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே சோபாவில் சாய்ந்து கிடக்கிற கிழவர்கள் அவசரமாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, சிக்னலில், ஒரு பேருந்தின் மூக்குக்கு எதிரே, கிளட்ச் கேபிள் ‘டொக்’ என்று அறுந்தது. வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார் மனைவியார். கையில் அறுந்த கேபிள் செத்த பாம்பு மாதிரி தொங்கியது.

“ஒரு கேபிள்தானே, நாளைக்கு வாங்கி மாட்டிடலாம்ல?”

“வாங்கிடலாம். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா,” என்றார் அண்ணன்.

மறுநாளே மனைவியாரின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரத்துக்குள் சொந்த வாகனத்தோடு வராதவர்கள் ‘தொலைபேசி வழி மூட்டு நலப் பிரிவு’க்கு மாற்றப்படுவார்கள் என்று அதில் கண்டிருந்தது.

“போன்ல எப்படிங்க முட்டியைப் பிடிச்சு மடக்கறது?” என்று கேட்டார் மனைவியார். கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்பதற்கு அந்தக் கடிதத்தில் கட்டம் இல்லை.

அண்ணன் தேடலைத் தொடங்கினார். தன் மையத்தின் கிடங்கிலேயே அந்தக் கேபிள் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. அது தனிநபர் எண்ணம் என்பதால் உரிய முறையில் அதை நிராகரித்துவிட்டு, நகரத்தின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கடைக்கு மனைவியாருடன் போனார். அங்கே நடந்த பேச்சின் அதிகாரப்பூர்வத் தமிழாக்கம் வருமாறு:

“இந்த வண்டி இல்லைங்க,” என்றார் கணினியைப் பார்த்தபடி விற்பனையாளர்.

“கேபிள் இல்லையா?” என்றார் மனைவியார்.

“வண்டியே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல போனா கணினியில இருக்காது.”

“வீட்டு வாசல்ல நிக்குதே!”

“அது உங்க வாசல். எங்க கணினியில இல்லை.”

அண்ணனுக்கு மெய்சிலிர்த்தது. எவ்வளவு தெளிவான மனிதர்! வெளியே வந்ததும், “பார்த்தியா, சுத்தி வளைக்காம நேரடியா சொல்லிட்டார்,” என்று பாராட்டினார். மனைவியார் பஸ்ஸைத் தேடினார்.

அடுத்து ‘பழைய வண்டி அன்பர்கள் சங்கம்’. அதன் தலைவரிடம் இதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது. வரவேற்பறையில், கம்பளத்தின் மேல், விளக்கு வெளிச்சத்தில் நின்றது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கிளட்ச் கேபிள்.

“புதுசா?” என்று கை நீட்டினார் மனைவியார்.

“தொடாதீங்க! வெளிய எடுத்தா காத்து படும்.”

“வண்டில மாட்டினாலும் காத்து படத்தானே செய்யும்?”

“யார் மாட்டறாங்க? பதினொரு வருஷமா நான் இதை ஸ்டார்ட்டே பண்ணலை. அதனாலதான் ஒரு ரிப்பேரும் வரலை.” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க ஓட்டறீங்கன்னு வெளிய சொல்லாதீங்க. சங்கத்துல தப்பா நினைப்பாங்க.”

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. மனைவியார் மூன்று பஸ் மாறி, ஏழு வீட்டை நாலு வீடாகக் குறைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தாய்நாட்டிலிருந்த தம்பியைக் கூப்பிட்டார். தம்பி காரியவாதி. உதிரிபாகக் கடைத்தெருவில் நின்றுகொண்டே குரல்பதிவு அனுப்பினான்.

“அக்கா, இங்க எல்லாக் கடையிலயும் ஒரே பதில்தான். இந்த வண்டிக்கு மிச்சம் இருந்த சரக்கை எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு அள்ளிட்டுப் போயிடுச்சாம். அங்கேதான் எழுதிக் கேக்கணுமாம். கவலைப்படாதே, உன் பேர்ல நானே இணையத்துல போட்டுட்டேன். அத்தான்கிட்ட சொல்லாதே. கட்டம் கட்டமா கேள்வி கேப்பார்.”

அந்த விண்ணப்பம் மூன்றாம் நாள், மூன்று பிரதிகளில் அச்சாகி, அண்ணனின் மேசைக்கு வந்தது.

சாதாரண மனிதராக இருந்தால் தடுமாறியிருப்பார். அண்ணன் தடுமாறவில்லை. விண்ணப்பதாரரின் பெயரைப் படித்தார். முகவரியைப் படித்தார். தன் வீட்டுக் கதவு எண் சரியாக எழுதப்பட்டிருந்ததில் ஒரு நிமிடம் பெருமிதப்பட்டார். பிறகு விதியைப் புரட்டினார். பாகங்கள் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கு மட்டுமே வழங்கப்படும். கடைகளோ, கணினியில் இருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே கேட்க முடியும். பதினாலாம் கட்டத்தில் ‘தேவைப்படும் காரணம்’ என்ற இடத்தில் தம்பி, “வண்டி ஓட்ட” என்று எழுதியிருந்தான். அண்ணன் பெருமூச்சு விட்டார். எவ்வளவு மேலோட்டமான காரணம்!

நாலு நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில், தபாலில் வந்த உறையைப் பிரித்து மனைவியார் உரக்கப் படித்தார்.

“‘தங்களின் மேலான விண்ணப்பம் மிகுந்த அக்கறையுடன் பரிசீலிக்கப்பட்டது. அதனை ஏற்க இயலாமைக்கு மனமார வருந்துகிறோம். தங்கள் உண்மையுள்ள...’” நிறுத்தினார். கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆபீஸ்ல போட்டது.”

“வீட்டுல போடறது வேறயா?”

“மனமார வருந்தினேன்மா. அது சும்மா அச்சடிச்ச வார்த்தை இல்ல. உன் விஷயத்துல நிஜமாவே வருந்தினேன்.”

“நாலு நாளா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“பரிசீலனையில இருக்கிற விஷயத்தை விண்ணப்பதாரர்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா முப்பது நாளைக்குள்ள நீ மேல்முறையீடு பண்ணலாம்.”

“யாருக்கு?”

அண்ணன் தண்ணீர் குடித்தார். “எனக்குத்தான்.”

மனைவியார், தனக்கே ஆச்சரியமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அண்ணனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். சிரிப்பு அடங்கியதும், “பேனா குடுங்க,” என்றார் மனைவியார்.

சொந்த மனைவியை நிராகரித்த செய்தி மையத்தில் பரவியது. மேலாளர் அம்மையார் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் அப்போதுதான் ‘மூச்சு வழி நிர்வாகம்’ என்ற மூன்று நாள் முகாமிலிருந்து திரும்பியிருந்தார். ஒரு சின்ன மணியை அடித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

“உள்ளே இழுங்க... விண்ணப்பத்தை ஏத்துக்கங்க. இப்ப மெதுவா வெளிய விடுங்க... நிராகரிச்சாச்சு. லேசா இருக்கா?”

“லேசா இருக்கு,” என்றது கூட்டம்.

வெளியிலிருந்து வந்திருந்த ஆலோசகர் பலகையில் பெரிய வட்டம் போட்டு ‘வாடிக்கையாளர்’ என்று எழுதினார். அதற்குள் சின்ன வட்டம் போட்டு ‘மனைவி’ என்று எழுதினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டையும் அழித்தார். கூட்டம் கைதட்டியது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத அண்ணனுக்கு ‘நேர்மை மாணிக்கம்’ என்ற பட்டம் வழங்குவதென்று ஏகமனதாக முடிவாயிற்று.

மேல்முறையீட்டு விசாரணை ஆறாவது வாரத்தின் வெள்ளிக்கிழமைக்கு நிர்ணயிக்கப்பட்டது. திங்கட்கிழமை மனைவியார் தொலைபேசிப் பிரிவுக்குப் போயாக வேண்டும். சம்பந்தப்பட்ட வாகனத்தை விண்ணப்பதாரர் நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்பது விதி. எனவே மனைவியார் கிளட்ச் இல்லாத வண்டியை மையம்வரை தள்ளிக்கொண்டு போனார். அதிகாரியும் மனுதாரரும் சேர்ந்து வருவது முறையல்ல என்பதால், அண்ணன் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார். பஸ் ஜன்னல் வழியே மனைவியார் தள்ளுவதைப் பார்த்தார். கை தானாக ஆட்டுவதற்கு எழுந்தது. அடக்கிக்கொண்டார்.

வரவேற்பில் மனைவியாரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் டோக்கன் எடுத்து உட்கார்ந்தார். அண்ணனின் அறையில் மணி அடித்தது.

“பேர்?” என்றார் அண்ணன்.

“தெரியாதா?”

“பதிவுக்காக.”

சொன்னார்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“அதுதான் எனக்கும் சந்தேகமா இருக்கு.”

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டார் அண்ணன். “கூடுதல் ஆதாரம் ஏதாவது?”

மனைவியார் பையிலிருந்து அறுந்த கேபிளை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்படி வைக்கும்போது அவர் பார்வை அண்ணனின் தலைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. சுவரை ஒட்டித் தரையிலிருந்து கூரைவரை அலமாரி. அதில் வரிசை வரிசையாகக் காகிதக் கட்டுகள்.

“இதெல்லாம் என்ன?”

“நிராகரிச்ச விண்ணப்பங்கள். ஒன்பது வருஷத்து வேலை.” அண்ணனின் குரலில் ஒரு தகப்பனின் வாஞ்சை இருந்தது.

“அது சரி. எதால கட்டியிருக்கீங்க?”

“கட்டுக்கம்பி. நைலான் கயிறு வாங்கறதை நிறுத்திட்டாங்க, பசுமைத் திட்டம். கிடங்குல சும்மா கிடக்கறதை எடுத்துக் கட்டச் சொன்னாங்க. கறுப்பு உறை போட்டு ரொம்ப உறுதியா இருக்கு. இரண்டு நுனியிலயும் குண்டு குண்டா இருக்கா, முடிச்சு நழுவவே நழுவாது.”

மனைவியார் எழுந்தார். முதல் கட்டைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தார். கம்பியை இழுத்து, மேசைமேல் கிடந்த அறுந்த கேபிளின் பக்கத்தில் வைத்தார். நுனிக்கு நுனி, குண்டுக்குக் குண்டு, பிறவி இரட்டைகளாகப் படுத்திருந்தன.

ஒன்பது ஆண்டுகளாக எண்களாக மட்டுமே அறிந்திருந்த ஒரு பொருளை அண்ணன் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். கட்டு அவிழ்ந்த காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையெல்லாம் பரவின. மனைவியார் குனிந்து ஒன்றை எடுத்தார். யாரோ ஒரு தபால்காரர், கிளட்ச் கேபிள். இன்னொன்று. பால் விநியோகிக்கும் பெண்மணி, கிளட்ச் கேபிள். இன்னொன்று. மகளைப் பள்ளியில் விட, கிளட்ச் கேபிள்.

“கேட்டவங்களை எல்லாம் நடக்க விட்டுட்டு,” என்றார் மனைவியார் மெதுவாக, “அவங்க மனுவை அவங்க கேபிளாலயே கட்டி வெச்சிருக்கீங்க.”

அண்ணனுக்கு வாய் திறந்தது. எந்தக் கட்டத்திலும் பொருந்தாத ஒரு சத்தம் வந்தது.

மனைவியார் கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாகன நிறுத்தத்தில், கால்மணி நேரத்தில், ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு மாட்டி முடித்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தாள முடியாமல் ரசீதுப் புத்தகத்தோடு படியிறங்கி ஓடினார்.

“வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்தாவது...”

மனைவியார் கிரீஸ் விரலால் அவர் வெள்ளைச் சட்டைப் பையின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். “போட்டாச்சு.” உதைத்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அன்று மாலைக்குள் ஏழு வீட்டிலும் கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நேர்மை மாணிக்கம் அல்லவா, அண்ணன் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மேலாளர் அம்மையார் மணி அடித்தார், எல்லாரும் மூச்சு விட்டார்கள், விஷயம் அலசப்பட்டது. பொதுமக்கள் பெரிதும் நாடும் பொருளைக் காகிதம் கட்டப் பயன்படுத்தியது தவறு என்று மையம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. இனிமேல் விண்ணப்பங்களைக் கட்டக் கிளட்ச் கேபிளைத் தொடவே கூடாது, பிரேக் கேபிளால் மட்டுமே கட்ட வேண்டும் என்று அன்றே சுற்றறிக்கை போயிற்று.

அதைப் பிழையின்றி வரைந்து கொடுத்தவர் படிவம் அண்ணன். இத்தனை காலம் அவர் புண்ணியத்தில் ஜனங்கள் கிளம்ப முடியாமல் நின்றார்கள். இனிமேல் நிற்க முடியாமல் கிளம்புவார்கள்.