ஆமைசாமியின் வெயில்

எழுபதுகளின் திருவனந்தபுரத்தில், வெயில் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே மனிதர் ஆமைசாமிதான். நாங்களெல்லாம் குடையை விரித்துக்கொண்டு சூரியனைத் திட்டுவோம். அவரோ மேகம் வந்தால் முகம் வாடிப்போவார்.

பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் நான் வேலை பார்த்தேன். ஊர் நாகர்கோவில் பக்கம். எதிர்ச்சந்து லாட்ஜில் மொட்டைமாடியை ஒட்டிய அறை. ஒருநாள் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு சர்க்கார் குமாஸ்தா கடைக்கு வந்து, அகலமான பேசின் வேண்டும் என்றார். குழந்தையைக் குளிப்பாட்டவா என்று கேட்டேன்.

"குழந்தைதான். ஆமையாக்கும்," என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் ஆமைசாமி.

மழைவெள்ளத்தோடு அவருடைய ஸ்ரீவராகத்து வீட்டுக் குளியலறைக்குள் வந்துசேர்ந்த, உள்ளங்கை அகல ஆமை. பிள்ளையில்லாத வீடு, விரட்ட மனம் வரவில்லை. இருட்டு அறையில் ஒரு செப்புப் பானையில் வைத்து, தயிர்சாதம் ஊட்டி, சனிக்கிழமை தோறும் ஓட்டுக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்தார். ஓடு வெள்ளிக் கிண்ணம் மாதிரி மினுங்கியது. மினுங்கிக்கொண்டே, நனைந்த அட்டை போல அமுங்கவும் ஆரம்பித்தது. ஆமை தலையை வெளியே நீட்டுவதையே விட்டுவிட்டது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, எண்ணெய் வைக்கச் சொன்னது யார் என்று கேட்டாராம். தினம் தண்ணீர் மாற்ற வேண்டும், ஏறி உலர ஒரு செங்கல் வேண்டும், வெயில் வேண்டும், முள்ளோடு பொடிமீன் வேண்டும், நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓடும் கொறிக்கப் போட வேண்டும். இல்லையென்றால் ஓணத்தைப் பார்க்காது என்று சொல்லிவிட்டார்.

இதில் மீன்தான் சங்கடம். வெங்காயம் வாங்கினாலே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும் அக்கிரகாரத் தெரு அது. ஆமைசாமி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு சந்தைக்குப் போய், குடைமுனையால் மீனைச் சுட்டிக்காட்டி வாங்கினார். நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"பாவம் பண்றதுன்னா நானே பண்றேன். உன் தலையில கட்டப்படாது கேட்டியோ," என்றார்.

அந்தப் பாவத்தை நான் தினம் குழம்பு வைத்தே சாப்பிடுகிறவன் என்று சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்துவிட்டார்.

சீக்கிரமே, சாமி மீன் தின்கிறார் என்று தெருவில் பேச்சாயிற்று. அவருடைய அப்பாவின் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மந்திரம் சொல்லும் வாத்தியார், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். ஆமைசாமி கடைக்கு வந்து அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆமையை எங்கேயாவது விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பேசினும் கையுமாக அவர் மனைவி, மாமியே வந்து நின்றாள். அதுவரை ஆமையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள்.

"கொண்டுபோய் ஆத்துல விட்டுடுங்கோன்னு வாத்தியார் சொல்றார். இப்படி அமுங்கற ஓட்டை வச்சுண்டு அது எங்கே போய்ப் பிழைக்கும்? செரியாகற வரைக்கும் உன் மாடியில இருக்கட்டும். அவர் மத்தியானம் வந்து பாத்துப்பார்."

வாத்தியார் வந்தார், திவசம் நடந்தது. ஆமை என் மாடியில் குடியேறியது.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆமைசாமி டிபன்பாக்ஸோடு மூச்சிரைக்க மாடியேறுவார். பாதி பேசினுக்கு ஒரு பலகையை நிழலாகப் போட்டுவிட்டு, மீதியைச் சூரியனுக்குத் திருப்பிவைப்பார். தன் குடையை விரிக்க மாட்டார். அதன் நிழல் செங்கல்மேல் விழுந்துவிடுமாம். மேகம் நகர்ந்தால் பேசினைத் தூக்கிக்கொண்டு மாடி முழுக்க வெயில் திட்டுகளைத் துரத்துவார். நடுவில் என் சாப்பாடு ஆறிப்போகும். மழைமாதத்தில் ஒருநாள் வேலை நேரத்திலேயே எழுந்து, "வெயில் வந்திருக்கு சார்," என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஆமாம், வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டாராம்.

மெல்ல மெல்ல ஓடு இறுகியது. லாட்ஜ் மேனேஜர், தபால்காரர் என்று வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு, "தட்டிப் பாருங்கோ, கல்லாக்கும்," என்பார். ஆளாளுக்குத் தட்டியதில் ஆமைக்குத்தான் தலையை நீட்ட நேரமில்லை.

டாக்டரும் சரி என்று சொன்ன வாரத்தில், மாமி கொல்லைப்புறத்தில் பாதி வெயிலும் பாதி நிழலும் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிவைத்தாள். மீனைப் பற்றிக் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், அதுக்கு உண்டானதை அது சாப்பிடறது, எங்களுக்கு உண்டானதை நாங்க சாப்பிடறோம் என்றாளாம். தெரு அதற்குமேல் கேட்கவில்லை. ஆமைசாமி ஆமையை மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் வீடு போய்ச் சேர்ந்தார். இனிமேலாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் படியில் அதே மூச்சிரைப்பு. கையில் டிபன்பாக்ஸ் மட்டும். ஆமை இல்லாமல் எதற்கு வந்தோம் என்று அவருக்கே விளங்காமல் வாசலில் நின்றார். "பழகிப்போச்சு," என்றார்.

நானும் அன்றைக்கு முக்காலி இரண்டாகத்தான் போட்டுவைத்திருந்தேன்.