கொள்கையளவில் ஒப்புதல்

கூட்டம் முடிந்ததும் அதன் நடவடிக்கைக் குறிப்பை எழுதி, கலந்துகொண்ட அனைவருக்கும் சுற்றுக்கு விட வேண்டும். குறித்த காலத்துக்குள் ஆட்சேபணை வராவிட்டால் குறிப்பு உறுதி செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதி தூக்கத்திலும் மறக்காது. அலுவலகத்துக்கு வெளியே அது செல்லாது என்பதை மட்டும் எந்த விதிப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு நாவல் எழுதினேன். (ஓய்வு பெற்றவர்கள் செய்யக்கூடாத காரியங்களுக்குப் பட்டியல் போட்டால் இதுதான் முதலில் வரும். அடுத்தது, மனைவியின் சமையலறையைச் சீரமைப்பது. அதையும் செய்தேன்.) பதவி உயர்வுக்காக இருபது ஆண்டுகள் காத்திருக்கும் ஒரு குமாஸ்தாவின் கதை. பத்திகளுக்கு வரிசை எண் உண்டு. கதாநாயகன் காதலைச் சொல்லும் இடம் பத்தி 114, உட்பிரிவு (ஆ). நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்றுகூட ஒரு வரி வரவில்லை. இந்தப் புத்தகமும் இல்லையென்றால், லாஸ்பேட்டை வீட்டில் காலை நடைக்கும் மதியத் தூக்கத்துக்கும் நடுவே எனக்கு வேறு வேலை இல்லை.

ஆகவே, கடற்கரைக்குப் பக்கத்து அரங்கு ஒன்றில் எழுத்தாளர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடக்கிறது என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். முதல் நாள் எழுத்து நுட்பம், மறுநாள் பதிப்புத் தொழில். சென்னைப் பதிப்பகம் ஒன்றில் ஆசிரியராக இருக்கும் யாழினி, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குவார். என் மகள் வயதுதான் இருக்கும்.

என் முறை மாலை ஐந்து மணிக்கு வந்தது. அதற்குள் முப்பது பேரைப் பார்த்துக் களைத்திருந்தார். என் நாவல் காகிதக் கட்டை இரண்டு கைகளாலும் வாங்கினார். முதல் பக்கத்தைப் படித்தார். நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“நிறைய உழைச்சிருக்கீங்க சார். அனுப்பி வைங்க, பாக்கலாம்.”

முப்பத்தாறு ஆண்டுகள் பொதுமக்களிடம் ‘பார்க்கலாம்’ சொல்லி அனுப்பியவன் நான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று புதுவையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. அப்படியும் வீட்டுக்கு வந்து, காபிகூடக் குடிக்காமல், நடவடிக்கைக் குறிப்பு ஒன்றைத் தட்டினேன். ‘மேற்படி நாவலை வெளியிட யாழினி அவர்கள் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தார். ஆட்சேபணை இருப்பின் நாளைக் காலை ஒன்பது மணிக்குள் தெரிவிக்கவும்.’ பயிலரங்கின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன்.

என் மனைவி மங்கை எட்டிப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு நெசமா ஒத்துக்கிச்சா?”

“கொள்கையளவில்.”

“நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பாவும் மொதல்ல அப்படித்தான் சொன்னாரு. அப்புறம் மூணு வருஷம் ஆச்சு.”

களைப்பில் யாழினி அன்று கைப்பேசியைத் தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியாது. காலை ஒன்பது அடித்தது. ஆட்சேபணை இல்லை. உறுதியாயிற்று.

அரங்கு வாசலிலேயே பஷீர் பாய் என்னை மடக்கினார். முத்தியால்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். முந்தைய நாள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். “இன்னா சார், பத்து நிமிஷத்துல புக்கை முடிச்சிட்டீங்களாமே. எனக்கும் அதே பத்து நிமிஷந்தான குடுத்தாங்க. நான் இன்னா பாவம் பண்ணேன்?”

உள்ளே யாழினியைச் சுற்றி ஒரு கூட்டம். எல்லாருக்கும் கொள்கையளவில் ஒப்புதல் வேண்டும். ஒரு கவிஞர் தனக்கு அதை எழுத்திலேயே தரச் சொன்னார். நடுவில் யாழினி போனில், தான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவருடைய முதலாளி. அந்தக் குழுவில் அவரும் இருந்திருக்கிறார். யாழினி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு குறிப்பை ரத்து செய்யவும் முறை உண்டு: பார்வை, பொருள், நகல் யாருக்கு. அதைத் தட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தேன். கையில் காகிதம் இல்லாமல் நான் மேடையில் பேசியது அதுதான் முதல் தடவை.

“அவங்க எதுக்கும் ஒத்துக்கல. பாக்கலாம்னுதான் சொன்னாங்க. நாலு எடத்துக்கு அனுப்பி ஒரு வரிகூட வரல எனக்கு. இவங்க ரெண்டு கையால வாங்கிப் பாத்தாங்க. அந்த சந்தோஷத்துல மிச்சத்தை நானா எழுதிக்கிட்டேன்.”

அதோடு இறங்கியிருக்கலாம். பேச்சு வந்துவிட்டதால், காதலுக்கு உட்பிரிவு போட்டதையும், தலைப்புப் பக்கத்தில் ரப்பர் முத்திரை குத்தியதையும் சொன்னேன். அரங்கு சிரித்தது. (என்னைப் பார்த்துத்தான், சந்தேகமே வேண்டாம்.) யாழினி போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்.

மதியம் சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டு வாங்கத் தயாரானேன். முதலாளியும் சிரித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, “நீங்க பேசினப்ப ஒருத்தர்கூட போனைப் பாக்கல சார். நாவலைத் தூக்கி உள்ள வைங்க. இப்பப் பேசின மாதிரியே உங்க ஆபீஸ் கதைகளை எழுதுங்க,” என்றார்.

அந்த இடைவேளை முழுவதும் எனக்கே போனது. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று என் பக்கங்களிலேயே அடித்துக் காட்டினார். முதலில் அடிபட்டவை எல்லா ‘மேற்படி’களும். அவர் தட்டில் சாதம் ஆறிக் கிடந்தது. அலுவலகத்தில் என் மேசைக்கு வந்து நின்ற ஒருவருக்கும் நான் அப்படி ஓர் அரைமணி நேரம் கொடுத்ததில்லை. இன்றைக்கும் அவரை நினைக்கும்போது நன்றியோடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

என் மகள் போன் செய்தால் இன்றுவரை முதல் வாக்கியம் இதுதான்: “அப்பா, நான் ஹலோ மட்டுந்தான் சொல்லியிருக்கேன். வேற எதுக்கும் ஒத்துக்கல.”

அலுவலக அனுபவங்கள் பதினான்கை எழுதி யாழினிக்கு அனுப்பினேன். நினைவூட்டல் எதுவும் போய்விடாமல் மங்கை காவல் இருந்தாள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘சார், மூன்றாவது தேறவில்லை, அதை மட்டும் எடுத்துவிடலாம். பின்னட்டைக்கு உங்கள் புகைப்படம் ஒன்று வேண்டும்.’ நான்கு முறை படித்தேன். இல்லாததை நானாகச் சேர்த்துப் படிக்கிறேனோ என்ற பயத்தில் மங்கையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவள் படித்ததிலும் அதேதான் இருந்தது. அன்று செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.