மினிட்ஸ் அங்கிள் எழுதாமல் விட்ட வரி

இலங்கையில் லக்ரோஸ் என்ற விளையாட்டு பந்தாலும் வலைக்கோலாலும் நடக்கிறது என்று நினைப்பவர்கள் மினிட்ஸ் அங்கிளைச் சந்திக்காதவர்கள். அது முழுக்க முழுக்க அவருடைய 'மினிட்ஸ்' எனும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில்தான் நடந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பின் மாடியறைதான் எங்கள் தேசியச் சங்கம். அங்கிள் செயலாளர். நான், கோல் கீப்பராக நிற்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் என்பதால் கமிட்டியில் மாட்டிக்கொண்டவன். மாவட்டக் கழகங்கள் ஆள் அனுப்பி, வருடாந்தப் பொதுக்கூட்டம் கூடி, நிர்வாகிகளைத் தெரிவுசெய்து, பட்டியலை விளையாட்டு அமைச்சுக்குக் கொடுக்க வேண்டும். அமைச்சு ஏற்றால்தான் பிள்ளைகள் நாட்டின் பெயரில் வெளிநாடு போய் விளையாடலாம்.

அங்கிள் எதையும் விடமாட்டார். "4.10க்கு மின்சாரம் நின்றது. 4.12க்குத் தலைவர் விசிறிக்கொண்டார்" என்று எழுதுவார். ஒருமுறை வத்தளைக் கழகத்துக்காரர் கொட்டாவி விட்டதையும் எழுதி, அடுத்த கூட்டத்தில் குறிப்புச் சரியென்று அவரையே வழிமொழிய வைத்தார்.

போன வருடப் பொதுக்கூட்டத்தின்போது பெண்கள் அணி வெளிநாட்டுப் போட்டிக்குப் போகக் காத்திருந்தது. "செக்ரட்டரி பழையபடி அங்கிள்தானே?" என்றார் தலைவர். எல்லோரும் கை தூக்கினோம். அங்கிள் சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பைத் திறந்தார்.

"எழுபது முடிஞ்சவர் பதவி வகிக்கேலாது. எனக்குப் போன செவ்வாய் முடிஞ்சுது."

அந்த விதியை எழுதியவரே அவர்தான். கிழவர்கள் பதவிக் கதிரையை விடமாட்டார்கள் என்று பயந்து போட்டது.

"அதை ஆர் அங்கிள் பாக்கப்போகினம்?" என்றேன்.

"பாத்தா ஃபைல் திரும்பி வரும் தம்பி. பிள்ளையள் போகேலாது. நீர் செக்ரட்டரியா இரும், நான் முன்மொழியிறன்."

தன் பதவி போனதைத் தானே எழுதினார். அந்த வேலையை விட்டால் மனுஷனுக்கு வேறு போக்கிடம் இல்லை. புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தபோது, யாரும் சொல்லாமலே நாங்கள் எழுந்து நின்றோம். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அமைச்சு பட்டியலை ஏற்றது. பிள்ளைகள் போய், ஆடிய எல்லாவற்றிலும் தோற்று, சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அங்கிளைப் பார்வையாளராக அழைத்தோம். நான் பழைய குறிப்பை வாசித்துவிட்டு, "ஒரு திருத்தம் இருக்கு. செயலாளர் விடைபெற்றபோது சபை எழுந்து நின்றது. அதைச் சேர்க்கவேணும்" என்றேன்.

"குறிப்பு முடிஞ்சபிறகு நடந்ததைச் சேர்க்கேலாது தம்பி" என்றார் அங்கிள், பின்வரிசையிலிருந்து.

"பார்வையாளர் கதைக்கேலாது அங்கிள்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வழிமொழிந்தவர் யார் என்று எழுதத்தான் சிரமப்பட்டேன். எல்லாக் கைகளும் மேலே இருந்தன.